ஊசி போன வழி

கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் என் லேபுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் சர்க்கரை பார்க்க வருகிறவர்கள். மற்றவர்கள், ஆபரேஷனுக்கு முன்னால் எல்லா டெஸ்ட்டும் எடுத்துக்கொண்டு வரச்சொல்லி டாக்டர் அனுப்பியவர்கள். இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் ஈரலைத் தாக்குகிற ஹெப்படைட்டிஸ் சி பிடிபடும். இந்த நோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு இதற்காகவே வந்தவர் மிக அபூர்வம். கண்புரை, கர்ப்பப்பை, மூட்டு, குடலிறக்கம் என்று வேறு எதற்கோ வந்திருப்பார். இருபது வருடமாக உள்ளே இருந்த வைரஸ் அன்றைக்குத்தான் காகிதத்தில் ஏறும்.

பாசிட்டிவ் வந்தால், ரிப்போர்ட்டைக் கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேட்பேன். எப்போதாவது ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா? உடம்பு சரியில்லை என்றால் எங்கே ஊசி போட்டுக்கொள்வீர்கள்? டெக்னீஷியன் கேட்கவேண்டிய கேள்வி இல்லை இது, டாக்டர் கேட்கவேண்டியது. ஆனால் ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிற டாக்டருக்கு அதற்கு நேரமில்லை. ரத்தம் எடுக்கிற இரண்டு நிமிடம் என் கையில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் இந்த நோயைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி அந்த இரண்டு நிமிடங்களில் கிடைத்ததுதான்.

நான் தொழிலுக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். அப்போது கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாமே தர்மபுரி மாவட்டம். ஹெப்படைட்டிஸ் சி என்கிற பெயரே அன்று கிடையாது. ஏ இருந்தது, பி இருந்தது. இரண்டிலும் சேராததை 'ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை' என்றே புத்தகத்தில் எழுதியிருந்தார்கள். ரத்தம் ஏற்றிக்கொண்ட சிலருக்குச் சில வாரம் கழித்து ஈரல் வீங்குகிறது, காரணம் பிடிபடவில்லை என்பதுதான் அதன் பொருள். 1989இல் அமெரிக்காவில் மைக்கேல் ஹௌட்டன் குழுவினர் அந்த வைரஸை அடையாளம் கண்டார்கள். அவருக்கும் ஹார்வி ஆல்ட்டர், சார்லஸ் ரைஸ் ஆகியோருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. பெயர் வைப்பதற்கு முன்பே அந்த வைரஸ் எங்கள் ஊர்ப்பக்கம் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

சுற்றுவதற்கு வாகனம் கண்ணாடி சிரிஞ்சு. நான் வேலைக்குச் சேர்ந்த கிளினிக்கில் மண்ணெண்ணெய் ஸ்டவ் மேல் ஒரு சில்வர் பெட்டி கொதித்துக்கொண்டே இருக்கும். அதற்குள் சிரிஞ்சும் ஊசியும் கிடக்கும். ஊசி மழுங்கிவிட்டால் கம்பவுண்டர் சின்ன சாணைக்கல்லில் தீட்டி வைப்பார். இருபது நிமிடம் கொதிக்க வேண்டும் என்பது விதி. போச்சம்பள்ளி சந்தை ஞாயிற்றுக்கிழமை. மாட்டை விற்றுவிட்டுக் கையில் காசோடு வருகிற கூட்டம் திண்ணையில் வரிசைகட்டி உட்கார்ந்திருக்கும்போது இருபது நிமிடம் யாருக்கும் கிடையாது. கொதிதண்ணீரில் முக்கி எடுத்து, உதறி, அடுத்த ஆளுக்குப் போடுவார்கள். வேறு சில இடங்களில் ஊசியை மட்டும் மாற்றிவிட்டு சிரிஞ்சை அப்படியே வைத்துக்கொள்வார்கள். ஊசி வழியாகப் பின்னால் ஏறிய ரத்தத் துளி சிரிஞ்சுக்குள் நிற்கும் என்பது யார் கண்ணுக்கும் தெரியாதே.

இதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் எழுந்து வருகிறவர்கள், காசு இல்லாவிட்டாலும் ஊசி போட்டு அனுப்புகிறவர்கள். ஜனங்களும் அதைத்தான் கேட்டார்கள். மாத்திரை கொடுத்தால், "என்னா சார், வெறும் மாத்திரையா? ஒரு ஊசி போட்டு உடுங்க, நாளைக்கு களை எடுக்கப் போவணும்" என்பார்கள். மாநில எல்லையான எங்கள் பக்கம் தமிழில் கேட்பார்கள், தெலுங்கில் கேட்பார்கள், கன்னடத்தில் கேட்பார்கள். எந்தப் பாஷையில் கேட்டாலும் கேட்பது ஊசியைத்தான். ஊசி போடாத டாக்டரிடம் அடுத்த வாரம் கூட்டம் இருக்காது.

தொண்ணூறுகளில் பிளாஸ்டிக் சிரிஞ்சு வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். தீரவில்லை. ஒரு தடவைக்கென்று செய்ததை நாலு தடவைக்கு வைத்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக்கைக் கொதிக்க வைக்கவும் முடியாது. அந்த விதத்தில் பழைய பெட்டியே மேல். 2002, 2003 வாக்கில் நாடு முழுக்க எடுத்த ஒரு ஆய்வில், இந்தியாவில் போடப்படும் ஊசிகளில் அறுபது சதவீதத்துக்கும் மேல் பாதுகாப்பற்றவை என்று தெரியவந்தது. படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. 2009இல் குஜராத்தின் மொடாசாவில், பழைய சிரிஞ்சால் ஹெப்படைட்டிஸ் பி பரவிப் பலர் செத்துப்போனார்கள். பழைய சிரிஞ்சுகளைக் குப்பையிலிருந்து பொறுக்கி, கழுவி, திரும்ப விற்கிற வியாபாரமே அங்கே நடந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

அடுத்த வழி, ரத்தப் பாட்டில். கிருஷ்ணகிரி வழியாகத்தான் பெங்களூரு நெடுஞ்சாலை போகிறது. ராத்திரியில் லாரி மோதிய கேஸ் வந்துகொண்டே இருக்கும். ரத்தம் வேண்டும் என்றால் பெரிய ஊர் ஆஸ்பத்திரி வாசல்களில் டீக்கடைப் பக்கம் சிலர் நிற்பார்கள். காசு கொடுத்தால் கை நீட்டுவார்கள். போன வாரம்தான் கொடுத்தோம் என்று சொல்லமாட்டார்கள். ஹீமோகுளோபின் பார்ப்பதற்காகக் காப்பர் சல்பேட் கரைசலில் அவர்கள் ரத்தத்தைச் சொட்டினால், நீலத் தண்ணீரில் கீழே இறங்கவேண்டிய சொட்டு மேலேயே தயங்கி மிதக்கும். ரத்தத்தில் சத்தே இல்லை என்று அர்த்தம். அவரைத் திருப்பி அனுப்பினால் இன்னொரு ரத்த வங்கி வாசலுக்குப் போவார்.

அந்தப் பாட்டிலில் அன்றைக்குப் பால்வினை நோய்க்கும் மலேரியாவுக்கும் ஹெப்படைட்டிஸ் பி-க்கும் பார்ப்போம். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு எச்.ஐ.வி. இந்தியாவிலும் இருப்பதைக் கண்டுபிடித்த பிறகு, அதற்கும் பார்க்கச் சொல்லி 1989இல் உத்தரவு வந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பால் 1998 ஜனவரி முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது நாடு முழுக்க நின்றது. ரத்த வங்கித் தொழிலை நான் பார்த்த காலத்தில் அதைப் புரட்டிப்போட்டது அந்தத் தீர்ப்புதான். ஆனால் ஹெப்படைட்டிஸ் சி டெஸ்ட் கட்டாயமானது 2001க்குப் பிறகுதான். ஆக, அதற்கு முன்னால் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வைரஸ் பார்க்காத ரத்தமே ஏறியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் உயிருக்கு ஆபத்து என்றுதான் ரத்தம் ஏற்றினார்கள் என்றில்லை. சிசேரியன் முடிந்த பெண் வெளுத்துப்போயிருக்கிறாள், தெம்புக்கு ஒரு பாட்டில் போட்டால் சீக்கிரம் எழுந்துவிடுவாள் என்று ஏற்றினார்கள். இரும்புச்சத்து மாத்திரையில் சரியாகியிருக்க வேண்டியது. இன்று என் லேபில் பாசிட்டிவ் வருகிற ஐம்பது, அறுபது வயதுப் பெண்களிடம் கேட்டால், "பெரியவன் பொறக்கும்போது ஒரு பாட்டிலு ஏத்துனாங்க கண்ணு" என்பார்கள். அந்தப் பெரியவனுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும்.

டெஸ்ட் எங்கள் கைக்கு வந்தபோது அது ஒரு சின்ன பிளாஸ்டிக் வட்டு. நடுவில் வெள்ளைச் சவ்வு. கரைசல் சில சொட்டு விட்டு, சீரம் ஒரு சொட்டு, மறுபடி கரைசல், பிறகு சாயம். ஐந்து நிமிடத்துக்குள் முடிவு தெரியும். மேலே ஒரு ரோஸ் புள்ளி மட்டும் வந்தால் டெஸ்ட் ஒழுங்காக வேலை செய்தது, நோய் இல்லை. கீழே இருக்கிற இரண்டு இடங்களில் ஒன்றிலோ இரண்டிலுமோ புள்ளி வந்தால் பாசிட்டிவ். சில சமயம் வருகிறதா இல்லையா என்று சொல்லமுடியாத மங்கல் புள்ளி வரும். அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்போம். வந்தது வந்ததுதான், மங்கலும் பாசிட்டிவ் என்றே எழுத வேண்டும், பெரிய டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும்.

அந்தப் புள்ளி சொல்வது என்ன என்பதில்தான் இன்று வரைக்கும் குழப்பம். வைரஸ் உடம்பில் இருக்கிறது என்று அது சொல்லவில்லை. என்றைக்கோ வைரஸ் வந்தது, உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் செய்தது என்றுதான் சொல்கிறது. வைரஸ் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் போய்விடும். மற்றவர்களுக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும். யார் எந்தப் பக்கம் என்று தெரிய ஆர்.என்.ஏ. டெஸ்ட் எடுத்தாக வேண்டும். 'வைரல் லோடு' என்று சொல்வது அதைத்தான். வைரஸ் இப்போதும் இருந்தால்தான் மருந்து.

இந்த வித்தியாசத்தால் வயிற்றுப்பிழைப்பு போனவர்களை எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து டிரைவர் ஒருவர் வளைகுடா வேலைக்காக மெடிக்கல் போனார். எதிர்ப்பொருள் பாசிட்டிவ், 'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டார்கள். இங்கே மருந்து சாப்பிட்டு முழுக்கக் குணமானார், ஆர்.என்.ஏ. இல்லை என்று ரிப்போர்ட்டும் வந்தது. மறு வருடம் போனார். மறுபடியும் அதே புள்ளி, அதே 'அன்ஃபிட்'. குணமான பிறகும் எதிர்ப்பொருள் வருஷக்கணக்கில், பெரும்பாலும் ஆயுளுக்கும், ரத்தத்தில் நிற்கும். அது தழும்பு மாதிரி, காயம் ஆறியும் தடம் போகாது. மெடிக்கல் சென்டரில் அதைக் கேட்க ஆளில்லை. ஓசூர் சிப்காட்டிலும் இதே கதை ஒன்று பார்த்தேன். வேலைக்கு எடுக்கும்போது ஒரு தொழிலாளிக்கு எடுத்த ரத்த ரிப்போர்ட் மேஸ்திரி வரைக்கும் தெரிந்துவிட்டது. கேன்டீனில் அவர் தட்டைத் தனியாக வைத்தார்கள். தட்டிலோ, டம்ளரிலோ, கை குலுக்கினாலோ இது ஒட்டாது. எச்.ஐ.வி. உள்ளவரை வேலையில் ஒதுக்கக்கூடாது என்று 2017இல் தனிச் சட்டம் வந்தது. ஹெப்படைட்டிஸ் சி-க்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது.

தட்டைத் தனியாக வைத்ததற்கு, இதையும் மஞ்சள் காமாலையையும் ஒன்றாக நினைத்ததுதான் காரணம். ஊரில் ஈரல் என்றாலே காமாலை, காமாலை என்றாலே கீழாநெல்லி, ஆட்டுப்பால், எண்ணெய் இல்லாத பத்தியம். தண்ணீரில் வருகிற ஹெப்படைட்டிஸ் ஏ-யும் ஈ-யும்தான் கண்ணை மஞ்சளாக்கி, சில வாரத்தில் தானாகப் போகிறவை. கீழாநெல்லிக்கு நல்ல பெயர் கிடைத்ததும் அவற்றில்தான். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ்.பி. தியாகராஜன், ஹெப்படைட்டிஸ் பி-யைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க்கோடு சேர்ந்து கீழாநெல்லி பற்றி லான்செட்டில் எழுதினார். எங்களுக்கெல்லாம் அன்றைக்குப் பெருமை. ஆனால் அது பி பற்றியது, பின்னால் மற்ற இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. சி-யோ பெரும்பாலும் கண்ணை மஞ்சளாக்குவதே இல்லை. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. நிரந்தரமாகத் தங்கினவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேருக்கு இருபது வருடத்துக்குள் ஈரல் சுருங்கிவிடும். வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு வருகிறவரை, "குடிப்பாரா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சொட்டுக்கூட குடிக்காத பெண்களையும் அப்படிக் கேட்டு அழவைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

மருந்தில் நான் பார்த்த மாற்றம் நம்பமுடியாதது. 2000களில் வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, தினம் ரிபாவிரின் மாத்திரை, ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை. ஊசி போட்ட ராத்திரி குளிர்க்காய்ச்சல், தலைமுடி உதிர்வு, மனச்சோர்வு, ரத்த அணுக்கள் குறைவது. ரத்தம் குறைகிறதா என்று பார்க்க அவர்கள் அடிக்கடி எங்களிடம் வருவார்கள், ஒவ்வொரு தடவையும் முகம் ஒரு சுற்று வற்றியிருக்கும். செலவு லட்சக்கணக்கில். பாதி விலைக்கு மாந்தோப்பை விற்றவர் உண்டு. அதற்கும் பலன் பாதிப்பேருக்குத்தான். 2013இல் சொஃபோஸ்புவிர் வந்தது. அமெரிக்காவில் ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். 2015இல் இந்தியக் கம்பெனிகள் உரிமம் பெற்று அதையே செய்யத் தொடங்கியதும் ஒரு மாத மருந்து இருபதாயிரம் ரூபாய்க்குள் வந்தது, பிறகு இன்னும் இறங்கியது. 2018 ஜூலை 28இல் தேசிய வைரல் ஹெப்படைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியதிலிருந்து டெஸ்ட்டும் மருந்தும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். பன்னிரண்டு வாரம் மாத்திரை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணம். ஊசியில் வந்த நோய்க்கு ஊசி இல்லாத வைத்தியம் என்று சொன்னால், நம்பாமல் டாக்டரிடம் போய் ஒரு ஊசியும் போடச்சொல்லிக் கேட்டவர்கள் உண்டு!

இப்போது எனக்குக் கவலை கொடுக்கிற இடம் டயாலிசிஸ். அரசு காப்பீடு வந்த பிறகு சின்ன ஊர்களிலும் டயாலிசிஸ் கிடைக்கிறது. நல்ல விஷயம், முன்னெல்லாம் பெங்களூருக்கோ சேலத்துக்கோ பஸ் ஏற முடியாதவர்கள் வீட்டில் செத்துப்போனார்கள். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்து திரும்பப் போகிறது. சேரும்போது நெகட்டிவாக இருந்தவர் ஒரு வருடம் கழித்துப் பாசிட்டிவாக வருவார். உடனே எல்லோரும் மெஷினைத்தான் சந்தேகப்படுவார்கள். பாசிட்டிவ் ஆட்களுக்கென்று மெஷின் தனியாக ஒதுக்கியும் புது கேஸ் வந்திருக்கிறது. வைரஸ் போவது பெரும்பாலும் கையில். ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட்டுக்கு வெளியே ஆள் காத்திருக்கும். ஒரே நர்ஸ் நாலு கட்டிலைப் பார்ப்பார். ஒருவர் கையில் பஞ்சை அழுத்திய அதே கிளவுஸோடு பக்கத்துக் கட்டிலின் பைப்பைத் திருகுவார். ஒரே ஹெபாரின் மருந்துப் புட்டியிலிருந்து நாலு பேருக்கு எடுப்பார். மெஷின் வாங்குகிற காசில் இன்னொரு நர்ஸைப் போட்டால் இதில் பாதி குறையும் என்பது என் கருத்து.

இன்னொரு புது வழி, இளவட்டங்கள். வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிற பழக்கம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருக்கிறது, எங்கள் எல்லையும் விலக்கில்லை. இருக்கிற ஒரு சிரிஞ்சை நாலு பேர் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். ரத்தம் எடுக்கக் கையை நீட்டச் சொன்னால் முழங்கை மடிப்பில் நரம்பு கயிறாக இறுகியிருக்கும், வயது இருபதைத் தாண்டியிருக்காது. சென்னையில் போதை ஊசி போடுகிறவர்களிடம் எடுத்த ஆய்வு ஒன்றில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஹெப்படைட்டிஸ் சி எதிர்ப்பொருள் இருந்தது. திட்டினால் அந்தப் பையன்கள் மறுபடி வரமாட்டார்கள். ரத்தத்தை எடுத்துவிட்டு, எங்கே இலவச மருந்து கிடைக்கும் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்.

எகிப்துக்கு நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். நத்தையால் வருகிற ஒரு புழு நோயை ஒழிக்க, 1950கள் முதல் 80கள் வரை அரசாங்கமே ஊர் ஊராகப் போய் ஊசி போட்டது. நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள். ஊசியைச் சரியாகக் கொதிக்க வைக்காததால் உலகத்திலேயே அதிக ஹெப்படைட்டிஸ் சி உள்ள நாடாக அது ஆனது. பிறகு 2018 முதல் அதே அரசாங்கம் கோடிக்கணக்கான பேருக்கு டெஸ்ட் எடுத்து மருந்து கொடுத்துக் கிட்டத்தட்ட ஒழித்தும் காட்டியது. நம் நாட்டில் பஞ்சாபில் பாதிப்பு அதிகம் என்று 2016லேயே அங்கே இலவச மருந்து தொடங்கினார்கள்.

நாடு முழுக்கப் பார்த்தால் பாதிப்பு அவ்வளவு இல்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் எடுத்த ரத்தத்தை வைத்துப் பார்த்ததில், இந்தியாவில் ஹெப்படைட்டிஸ் சி எதிர்ப்பொருள் உள்ளவர்கள் நூற்றுக்கு 0.32 பேர். ஆயிரத்துக்கு மூன்று. குறைவு என்று தோன்றும். ஆனால் இத்தனை கோடி ஜனத்தொகையில், 2022இல் இந்தியாவில் 55 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் தன் கணக்கில் சொல்கிறது.

அந்த 'ஆயிரத்துக்கு மூன்று' ஊரில் சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. அதனால்தான் திருவிழாவிலும் கம்பெனி வாசலிலும் ஷாமியானா போட்டு எல்லோருக்கும் குத்துகிற இலவச முகாம்களில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நூற்றுக்கு ஒருவருக்குத் தப்பாகப் பாசிட்டிவ் காட்டுகிற கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேருக்கு எடுத்தால் உண்மையில் எதிர்ப்பொருள் உள்ளவர் மூன்று பேர் கிடைப்பார்கள், நோயே இல்லாமல் பயந்துபோகிறவர்கள் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் வேலையையும் இழக்கலாம். அதே கிட்டை டயாலிசிஸ் வார்டிலும், 2002க்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடமும், அடிக்கடி ரத்தம் ஏற்றுகிற தலசீமியா குழந்தைகளிடமும், போதை ஊசி போட்டவர்களிடமும், ஊசி குத்திக்கொண்ட நர்ஸ், டெக்னீஷியன், குப்பை அள்ளுகிறவர்களிடமும் கொண்டுபோனால், கிடைக்கிற பாசிட்டிவில் உண்மையான நோயாளிகள் பல மடங்கு அதிகம் இருப்பார்கள்.

எங்கள் ஊர்ப்பக்கம் இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை வாங்க மாதாமாதம் வருகிற ஐம்பது வயது தாண்டிய பெண்களிடம், "பிள்ளை பிறக்கும்போது ரத்தம் ஏத்தினாங்களாம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். ஆமாம் என்றால் அன்றைக்கே ஒரு சொட்டு ரத்தம். பாசிட்டிவ் என்றால் மாவட்ட ஆஸ்பத்திரிக்குச் சீட்டு. கிருஷ்ணகிரியில் 2022 முதல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, மருந்தும் இலவசம். ஊசி போட்டுக்கொள்கிறவர்களும் ஒன்று செய்யலாம். கவரைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள், மருந்துப் புட்டி புதிதா என்று கேளுங்கள், அதற்கும் முன்னால் மாத்திரையில் முடியாதா என்று கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஊசி கேட்டு வருகிறவர்களையே பார்த்துப் பழகிய அவருக்கு, வேண்டாம் என்று சொல்கிற ஆள் கிடைத்தால் பாதி வேலை மிச்சம்.